டல்காஸ் வீதியும் மயிலத்தமடு மேய்ச்சல் தரையும்

ஹேர்னிங் நகரத்தின் நடுவே டல்காஸ்கேட என்றொரு வீதி இருக்கிறது. சாமான் வாங்கவும், பிள்ளைகளுக்குச் சப்பாத்து எடுக்கவும், ஒருவரை ஒருவர் சந்தித்து ஊர்க்கதை பேசவும் நாம் எத்தனையோ தடவை அந்த வீதியால் நடந்திருக்கிறோம். ஓகூசிலும் கோப்பன்ஹேகனை ஒட்டிய பிரெடெரிக்ஸ்பேர்க்கிலும் கூட அதே பெயரில் தெருக்கள் உண்டு. யார் இந்த டல்காஸ் என்று இங்கே படித்த நம் பிள்ளைகளிடம் கேட்டால், தரிசாகக் கிடந்த யூலன்டைப் பச்சையாக்கியவர் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரி பொய்யில்லை. ஆனால் முழுக் கதையும் அதுவல்ல.

மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நமக்கு இந்த மனிதரின் ஞாபகம் வருகிறது. மாடு மேய்கிற காணி வெறுங்காணியா, அதை அபிவிருத்தி செய்ய வருபவர் யாரைக் கேட்டுவிட்டு வரவேண்டும் என்ற கேள்வி அங்கே இன்று எரிகிறது. நாம் குடியிருக்கும் இந்த மண்ணில் அதே கேள்வி முன்னூறு வருடமாக வேறுவேறு உருவில் எழுந்திருக்கிறது. அதனால்தான் டல்காசின் வாழ்க்கையை நம்மவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

அகதி வழி வந்தவர்

என்ரிக்கோ மிலியுஸ் டல்காஸ் 1828 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் திகதி இத்தாலியின் நாப்பொலி நகரில் பிறந்தார். தகப்பன் அங்கே வணிகம் செய்தவர், டென்மார்க்கின் கொன்சலாகவும் இருந்தவர். என்ரிக்கோ என்ற இத்தாலியப் பெயர் அப்படி வந்தது. குடும்பத்தின் வேர் பிரான்சில். பதினான்காம் லூயி மன்னன் 1685 இல் புரட்டஸ்தாந்து மக்களுக்கு இருந்த மத உரிமையைப் பறித்தபோது, ஹூகனோ என்று அழைக்கப்பட்ட அந்த மக்கள் இலட்சக்கணக்கில் நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தை டென்மார்க் மன்னன் நான்காம் பிரெடெரிக் 1720 ஆம் ஆண்டையொட்டி பிரெடெரிசியா நகரில் குடியேற்றினான். புகையிலை நட்டுப் பிழைத்த அந்த அகதிச் சமூகத்தின் தேவாலயத்தில் பின்னாளில் போதகராக இருந்தவர் நம் டல்காசின் பேரன், அதாவது தகப்பனின் தகப்பன், ஜான் மார்க் டல்காஸ்.

டேனியர்கள் தங்கள் மண்ணின் மைந்தன் என்று சிலை வைத்துக் கொண்டாடும் மனிதர், அகதிகள் வழி வந்து அந்நிய நாட்டில் பிறந்தவர். இங்கே வாழும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

டல்காசுக்கு ஏழு வயதாகும்போது தகப்பன் இறந்துபோனார். தாய் பிள்ளைகளோடு டென்மார்க்குக்குத் திரும்பினார். அண்ணன் கார்லோ ஓவியரானார். ஆடு மாடுகளை வரைவதில் பேர் பெற்றவர். 1848 இல் தொடங்கிய ஸ்லேஸ்விக் போருக்குப் போன அவர் காயப்பட்டு, 1851 புதுவருடத்தையொட்டி இறந்தார். தம்பி என்ரிக்கோவும் அதே போரில் பங்கெடுத்தவர்தான். அவர் உயிரோடு திரும்பி, இராணுவத்தில் பொறியியல் படித்து, 1850 களில் யூலன்டில் வீதி போடும் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

ஹேத யாருடையது?

அவர் வந்தபோது இன்றைய ஹேர்னிங் இல்லை. ஒரு தேவாலயமும் கொஞ்ச வீடுகளும் இருந்தன. சுற்றிவர டேனிஷில் ஹேத என்று சொல்லப்படும் புதர்வெளி. மணல் மண், முழங்கால் உயரத்துக்கு லுங் என்ற செடி, ஓகஸ்ட் மாதத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாப் பூ, மற்றக் காலமெல்லாம் பழுப்பு. 1800 ஆம் ஆண்டளவில் யூலன்டின் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் இப்படித்தான் கிடந்தது.

கோப்பன்ஹேகனில் இருந்து பார்த்தவர்களுக்கு அது பாழ் நிலம். ஆனால் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதுதான் சீவியம். செம்மறியாடு அந்தச் செடியை மேய்ந்தது. செடியோடு சேர்த்து வெட்டிய மண்கட்டி அடுப்புக்கு விறகானது. வெட்டிய செடி தொழுவத்தில் விரிக்கப்பட்டு எருவானது, கூரைக்கும் போனது. பூவில் தேனீ வளர்த்தார்கள். ஆட்டின் கம்பளியில் ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும் இரவில் ஒரு விளக்கைச் சுற்றியிருந்து காலுறை பின்னினார்கள். ஹேர்னிங்கைச் சுற்றிய ஹமரும் பிரிவின் காலுறை வியாபாரிகள் அதை முதுகில் சுமந்து நாடெங்கும் விற்றார்கள். ஹேர்னிங் பிற்காலத்தில் நெசவுத் தொழில் நகரமாக எழும்பியதன் ஆணிவேர் அந்த ஆட்டு மயிரில்தான் இருக்கிறது.

இந்தப் பாழ் நிலத்தின் மேல் அரசனுக்கு முன்னமே கண் இருந்தது. 1750 களின் கடைசியிலும் 1760 களின் தொடக்கத்திலும் ஐந்தாம் பிரெடெரிக் மன்னன் ஜேர்மன் பகுதிகளில் இருந்து குடும்பங்களைக் கூப்பிட்டு, விபோர்குக்குத் தெற்கேயுள்ள ஆல்ஹேத வெளியில் குடியேற்றினான். சலுகைகள் கொடுத்தான், காணி கொடுத்தான். ஆனால் அது ஏற்கெனவே சுற்றுக் கிராமத்தார் ஆடு விட்டுவந்த வெளி. மேய்ச்சலும் செடி வெட்டும் உரிமையும் போகிறதே என்று அவர்கள் எதிர்த்தார்கள். வந்தவர்களுக்கோ மண் கைகொடுக்கவில்லை. பெரும்பாலானோர் விட்டுவிட்டுப் போனார்கள். மிஞ்சியவர்கள் உருளைக்கிழங்கு நட்டுத் தாக்குப்பிடித்தார்கள். உருளைக்கிழங்கு ஜேர்மானியர் என்ற பட்டப்பெயர் அவர்களின் சந்ததிக்கு இன்றும் உண்டு. அந்தக் குடியேற்றத்துக்குச் சற்று முன் 1755 இல் அதே வெளிக்கு வந்த லுட்விக் காலென் என்பவரின் கதையைத் தழுவித்தான் 2023 இல் மட்ஸ் மிக்கல்சன் நடித்த படம் வந்தது. நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இதற்குப் பின் 1781 ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்துப் பொதுநிலங்களைப் பிரித்து, ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் பங்கைத் தனியாக்க வழி செய்தது. வயல் மட்டுமல்ல, பொதுவில் ஆடு மேய்த்த புதர்வெளியும் படிப்படியாகப் பங்கு பிரிந்தது. பங்கு கிடைத்த கமக்காரனுக்கு அது இலாபம். பங்கில்லாமல், ஊர்வழக்கத்தை நம்பி இரண்டு ஆட்டைப் பொது வெளியில் விட்ட ஏழைக்கு நட்டம். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். டல்காஸ் வேலையைத் தொடங்கும்போது ஹேதவின் பெரும்பகுதி யாரோ ஒருவரின் பெயரில் இருந்த காணி.

தோல்விக்குப் பின்

1864 இல் பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கைத் தோற்கடித்தன. ஸ்லேஸ்விக், ஹோல்ஸ்டைன், லவன்பேர்க் மூன்றும் போயின. மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்த நிலத்திலும் மக்களிலும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஒரே ஒப்பந்தத்தில் கைவிட்டுப் போனது. அந்தப் போரிலும் டல்காஸ் கடமையில் இருந்தார். நாடு சுருங்கிவிட்டது என்ற துக்கம் எல்லோரையும் பிடித்திருந்த காலம் அது. மண்ணை இழந்த மக்களின் மனம் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பத்து வருடத்துக்கு மேல் வீதி போட்டுத் திரிந்ததில் டல்காசுக்கு இந்த மண் அத்துப்படியாகியிருந்தது. எங்கே வெட்டினால் என்ன மண் வரும், எங்கே ஆற்றுநீர் மட்டம் உயரம், எந்தப் பள்ளத்தில் சுண்ணாம்பு கலந்த களிமண் கிடைக்கும் என்பதையெல்லாம் பார்த்தும் குறித்தும் வைத்திருந்தார். 1866 மார்ச் 28 அன்று ஓகூசில் கூட்டம் கூடி, டேனிஷ் ஹேதச் சங்கம் தொடங்கப்பட்டது. சட்டத்தரணி கேயோர்க் மோர்வில், நிலக்கிழார் பெர்டினன்ட் மூரியர்-பீற்றர்சன், டல்காஸ் ஆகிய மூவருமே அதற்கு அடிக்கல். நிர்வாகத்தை ஏற்ற டல்காஸ், 1894 ஏப்ரல் 16 அன்று ஓகூசில் கண்மூடும்வரை இருபத்தெட்டு வருடம் அதைவிட்டு நகரவில்லை.

அந்தச் சங்கம் அரச திணைக்களமல்ல. சந்தா கட்டிய அங்கத்தவர்களின் சங்கம். அரசாங்கம் பிறகு மானியம் கொடுத்தது, ஆனால் யாருடைய காணியையும் எடுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே டல்காசுக்கு வேறு வழியிருக்கவில்லை. பண்ணை பண்ணையாகப் போய்க் கதவைத் தட்டவேண்டியிருந்தது. கமக்காரனின் சமையலறையில் இருந்து பேசி, அவன் சம்மதித்தால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த வீடு. புதர்வெளியின் புவியியல் பற்றி 1867 இலும் 68 இலும் எழுதி வெளியிட்டார். வீட்டையும் தோட்டத்தையும் சுற்றிக் காற்றுத் தடுக்க மரம் நடுவது எப்படி என்று சாதாரண கமக்காரனுக்கு விளங்குகிற கைநூலும் எழுதினார்.

தண்ணீர், மரம், மாடு

முதலில் அவர் கைவைத்தது தண்ணீரில். ஸ்கேர்ன், கரூப் போன்ற ஆறுகளில் இருந்து வாய்க்கால் வெட்டி, ஆற்றோரப் புல்வெளிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். கணக்கு இலேசானது. தண்ணீர் பாய்ந்தால் புல் கூடும். புல் கூடினால் குளிர்காலத்துக்கு வைக்கோல் கூடும். வைக்கோல் கூடினால் கூடுதல் மாடு கட்டலாம். மாடு கூடினால் எரு கூடும். எரு கூடினால் மணல் மண்ணிலும் வெள்ளாமை வரும். நம் ஊரில் பட்டி மாடு அடைத்து வயலுக்கு எருவேற்றிய பெரியவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்.

இரண்டாவது மரம். மேற்குக் கடற்காற்று மணலை அள்ளிக்கொண்டு போகிற நாடு இது. காற்றைத் தடுக்காமல் பயிர் இல்லை. ஆனால் லுங் செடியின் அடியில் கல்லைப்போல இறுகிய ஒரு மண்படை இருக்கிறது. அதை ஆழ உழுது உடைத்தால்தான் வேர் இறங்கும். உடைத்து நட்ட ஸ்புரூஸ் கன்றுகள் சில வருடம் வளர்ந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டன. மலைப்பைன் என்ற குட்டை மரத்தைப் பக்கத்தில் சேர்த்து நட்ட இடங்களில் மட்டும் அவை திரும்ப நிமிர்ந்தன. அந்தத் துணைமரம் ஒரு செவிலித்தாய்போல நின்று கன்றை எடுத்துவிடும் என்று கண்டுகொண்ட பிறகே தோட்டக்காடுகள் பெருகின. இன்று ஹேர்னிங்கில் இருந்து எந்தப் பக்கம் கார் ஓடினாலும் வரிசை வரிசையாக வரும் ஊசியிலைக் காடுகள் அந்தக் காலத்தில் தொடங்கியவை.

1877 இல் சில்கபோர்கில் இருந்து ஹேர்னிங்குக்கு ரயில் வந்தது. 1882 இல் மேற்கு யூலன்டின் யெடிங் கிராமத்தில் நாட்டின் முதல் கூட்டுறவுப் பாற்பண்ணை திறந்தது. மாடு, பால், வெண்ணெய் என்று கிராமங்களின் வருமானம் மாறியது. 1913 இல் ஹேர்னிங் நகரசபை அந்தஸ்து பெற்றது. டல்காஸ் அதைப் பார்க்கவில்லை. ஆனால் மகன் கிறிஸ்டியான் அதே சங்கத்தைப் பின்னாளில் நடத்தினார்.

நட்டப் பக்கம்

கணக்கு எழுதிப் பழகிய நமக்கு, இலாபப் பக்கத்தை மட்டும் காட்டும் ஐந்தொகையில் நம்பிக்கை வராது. டல்காசின் ஐந்தொகையிலும் மறுபக்கம் இருக்கிறது.

கன்று நட்ட இடத்தில் ஆடு விடமுடியாது. ஆடு கன்றைத் தின்றுவிடும். ஆகவே தோட்டக்காடு வளர வளர மேய்ச்சல் சுருங்கியது. வெளிநாட்டு மலிவுக் கம்பளி வந்து விலையை விழுத்த, ஆட்டிடையனின் தொழில் இரண்டு பக்கத்தாலும் நெருக்கப்பட்டது. புதர்வெளியின் அழகையும் அதன் மக்களையும் எழுத்தில் வடித்த போதகர் ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிகர் 1848 இலேயே இறந்துவிட்டார். அவர் எழுதிய உலகம் அடுத்த இரண்டு தலைமுறைக்குள் மறைந்தது. இருபதாம் நூற்றாண்டில், மிஞ்சிய புதர்வெளியையாவது காப்பாற்றவேண்டும் என்று டேனியர்களே குரல்கொடுக்கத் தொடங்கினார்கள். 1917 இல் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று ஹேத ஒரு சிறு துண்டுதான்.

டல்காஸ் இறந்த பிறகு அவருடைய சங்கம் பெரும் நிறுவனமானது. 1960 களில் அது ஸ்கேர்ன் ஆற்றை நேராக்கி, சுமார் 4,000 ஹெக்டேர் ஈரநிலத்தை வடித்து வயலாக்கியது. மண் தாழ்ந்தது, ஆறு அழுக்கானது. 1999 இல் இருந்து 2002 வரை அரசாங்கமே பணம் செலவழித்து, சுமார் 2,200 ஹெக்டேரில் ஆற்றைப் பழையபடி வளைந்தோட விட்டது. விவசாயிகள் பலர் எதிர்த்தார்கள். காணியை விற்றவருக்குப் பணமும், மாற்றுக்காணி கேட்டவருக்கு மாற்றுக்காணியும் கொடுத்தே அதைச் செய்து முடித்தார்கள். இன்று அந்த ஆற்றோரத்தில் மாடு மேய்கிறது.

இன்னும் ஒரு விசித்திரம். 2021 இல் இயற்கைத் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. அரச காட்டைப் பெரிய வேலியால் அடைத்து, மாட்டையும் குதிரையையும் வருடம் முழுவதும் உள்ளே விடுவது திட்டம். மேய்ச்சல் இருந்தால் பூவும் பூச்சியும் திரும்பிவரும் என்பது ஆதரவாளர் வாதம். குளிர்காலத்தில் மாடு பட்டினி கிடக்கும், வேலியால் நாம் நடக்கும் பாதை அடைபடும் என்பது எதிர்ப்பாளர் வாதம். திட்டத்துக்குத் தெரிவான இடங்களில் ஹேர்னிங்குக்கு வடமேற்கே உள்ள ஸ்ட்ரோசோவும் ஒன்று. புதர்வெளியாக இருந்து தோட்டக்காடாக ஆன இடம் அது. மேய்ச்சலை வெளியேற்றிய நிலத்துக்கு மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று நாடாளுமன்றம்வரை வாதாடுகிறார்கள்.

மயிலத்தமடு

இப்போது நம் பக்கம் வருவோம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் பிரித்தானியர் இலங்கையில் ஒரு விதி செய்தார்கள். காடு, தரிசு, பயிரிடப்படாத காணி எல்லாம், வேறு உரித்து நிரூபிக்கப்படாதவரை, முடிக்குரியதாகக் கொள்ளப்படும் என்பது அந்த விதி. வயல் செய்தவனிடம் உறுதி இருக்கலாம். மாடு மேய்த்தவனிடம் என்ன உறுதி இருக்கும்? மாட்டின் குறிச்சூட்டைக் காட்டலாம், காணிக்கு எதைக் காட்டுவது? முடிக்குரிய காணி பிறகு அரச காணியாயிற்று. 1979 இல் மகாவலி அதிகாரசபை உருவாகி, பெரும் பரப்புகள் அதன் வலயங்களுக்குள் வந்தன.

மட்டக்களப்பின் பண்ணையாளர் மாரிக்காலத்தில் வயல் விதைத்ததும் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் போவார்கள். அறுவடை முடிந்தபின் திரும்புவார்கள். தலைமுறை தலைமுறையான நடைமுறை அது. அந்தத் தரையில் வெளிமாவட்டத்தார் வந்து சேனை வெட்டவும் விதைக்கவும் தொடங்க, மேய்ச்சல் அடைபட்டது, மாடுகள் கொல்லப்பட்டன. பண்ணையாளர் நீதிமன்றம் போனார்கள். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டகை போட்டு அறவழிப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது புதுக் காணியல்ல. விட்டுவந்த மாட்டை விட இடம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஆல்ஹேதவில் மன்னன் செய்தது மேலிருந்து வந்த குடியேற்றம். மேய்த்தவனைக் கேளாமல் காணி கொடுத்தான், காணி பெற்றவனும் நிலைக்கவில்லை. டல்காஸ் அதே வகை மண்ணில் வென்றதற்கு அவருடைய மண்ணறிவு ஒரு காரணம். கதவைத் தட்டிக் கேட்கவேண்டிய நிலையில் அவர் இருந்தது மற்றக் காரணம். அப்படியிருந்தும் பங்கில்லாத ஆட்டிடையனின் நட்டம் யாருடைய ஏட்டிலும் ஏறவில்லை. கேட்டுச் செய்த இடத்திலேயே அவ்வளவு நட்டம் என்றால், கேளாமல், காவலோடு வந்து செய்கிற இடத்தில் எவ்வளவு என்று நாமே கூட்டிப் பார்க்கலாம்.

டென்மார்க்கைப் பார்த்து எல்லாம் இங்கே சரி என்று சொல்ல வரவில்லை. இங்கே வழக்கு நடக்கிறது, வேலிக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்க்கிறார்கள், அமைச்சரைக் கேள்வி கேட்கிறார்கள், காணி போனவனுக்குக் காணி கிடைக்கிறது. மயிலத்தமடுப் பண்ணையாளர் கேட்பது இந்த அளவு மரியாதையைத்தான். இங்குள்ள நாடாளுமன்ற உறுப்பினருக்கோ, நகரசபை அங்கத்தவருக்கோ, அயலவருக்கோ மயிலத்தமடுவை விளங்கப்படுத்த நமக்கு நீண்ட அரசியல் வரலாறு தேவையில்லை. ஆல்ஹேதவும் ஸ்ட்ரோசோவும் அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்த முறை டல்காஸ் வீதியால் பிள்ளைகளோடு நடக்கும்போது, அகதி வழி வந்த ஒருவர் இந்த மண்ணை நேசித்து உழைத்த கதையைச் சொல்லிக் கொடுப்போம். அவர் வருமுன் இங்கே ஆடு மேய்த்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.